உப்புக்காற்றுக்கு ஏற்ற யுகுலேலே: கேள்வி பதில்

கார்பன் ஃபைபரில் செய்த டெனார் யுகுலேலே (நான்கு கம்பி உள்ள சின்ன கிட்டார் மாதிரிக் கருவி, அதில் பெரிய அளவு வகை) ஒன்று புதிதாக என் கைக்கு வந்திருக்கிறது. அது தெரிந்ததும் கோயில் பாடகர் குழுவான கொயர்க்காரர்கள், என்னிடம் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்டவற்றை எல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

முட்டம்: அண்ணே, காம்போசிட்னு சொன்னாலும் அது பிளாஸ்டிக்தானே? பிளாஸ்டிக்குக்கு எதுக்கு இம்புட்டு விலை?

உங்கள் ஊர்க் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளமே காம்போசிட்தான் தம்பி. கண்ணாடி இழையால் ஆன மேட், அதில் ஊறி இறுகிய ரெசின் என்ற பிசின். இழை பாரத்தைத் தாங்கும், ரெசின் இழைகளை இடம் மாறாமல் பிடித்து வைக்கும். முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறக்கையும் இதே முறையில் செய்ததுதான். கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழையைப் போட்டால் எடை குறையும், விறைப்பு கூடும். கண்ணாடி இழையின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு, கார்பனுடையது 1.8 மடங்கு. விறைப்பிலோ கார்பன் மூன்று மடங்கு மேலே.

வெறும் பிளாஸ்டிக் யுகுலேலேயும் உண்டு. 1949இல் மாரியோ மக்காஃபெர்ரி அமெரிக்காவில் கொண்டுவந்த 'ஐலண்டர்' பாலிஸ்டைரீனில் வார்த்தது, லட்சக்கணக்கில் விற்றது. அதில் இழையே கிடையாது.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில்தான் கவனம் வேண்டும். 'கார்பன்' என்று பெட்டியில் போட்டு இரண்டு வகை வருகிறது. ஒன்று, கார்பன் துணியை அச்சில் விரித்து எபாக்ஸி என்ற ரெசினை ஊட்டி, வெற்றிட அழுத்தத்தில் இறுக வைத்துச் செய்வது. க்ளோஸ், பிளாக்பேர்ட் போன்ற கம்பெனிகள் செய்வது இந்த வகை. இன்னொன்று, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் கார்பன் இழைத் துணுக்குகளைக் கலந்து இயந்திரத்தில் ஒரே வார்ப்பாக எடுப்பது. என்யா கம்பெனியின் 'நோவா யூ' அந்த வகை. இரண்டாவது மோசம் என்று சொல்லவில்லை. முதலாவதின் விலையைக் கொடுத்து இரண்டாவதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மேலே தெரியும் பின்னல் கோலத்தை மட்டும் நம்பாதீர்கள். பளபளப்புத் தாளில் அச்சடித்தும் ஒட்டுவார்கள். ஃபோன் டார்ச்சை ஒலித்துளைக்குள் அடித்துப் பாருங்கள். துணி விரித்துச் செய்ததில் உட்பக்கம் இழைப்பின்னல் சொரசொரப்பாக, ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும். வார்த்ததில் உட்புறம் வழவழப்பாக, அச்சில் இருந்து வந்த கோடுகளும் விலா எலும்பு மாதிரி மேடுகளும் இருக்கும்.

நாகர்கோவில்: மர யுகுலேலேயைவிட நாதம் நல்லாயிருக்குமா சார்?

வேறாக இருக்கும். மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ரேகை போகும் திசையில் அது விறைப்பு, குறுக்கே பத்தில் ஒரு பங்குகூட விறைப்பு இல்லை. தட்டினால் அதிர்வைத் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். ஹவாயில் வளரும் கோவா என்ற மரத்திலும் மஹோகனியிலும் கேட்கும் அந்தக் கதகதப்பு இதில் இருந்து வருகிறது. கார்பன் அதிர்வை அவ்வளவாக விழுங்காது. மீட்டிய ஸ்வரம் நீண்டு நிற்கும், மேல் ஸ்தாயி பளிச்சென்று இருக்கும். கீபோர்டும் தபேலாவும் வாசிக்கும் கொயரில் அதன் சத்தம் அமுங்கிப் போகாது.

மரத்துக்கு நெருக்கமான நாதம் வேண்டும் என்றால் பிளாக்பேர்ட் 'ஈகோவா' என்ற பெயரில் ஆளிச்செடி நாரையும் தாவர ரெசினையும் சேர்த்துச் செய்கிறார்கள். என் காதுக்கு அது கார்பனைவிட மென்மை. பாலிகார்பனேட் டெனார்களில் கார்டு அடிக்க நன்றாக இருக்கும். ஒற்றைக் கம்பியில் மெட்டு வாசிக்கும்போது கீழ்ப்பக்கம் மெலிந்து கேட்கும். இது என் தீர்ப்பு. கடையில் இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குலசேகரம்: மழைக்காலத்துல பிரிட்ஜ் தூக்கிட்டு வந்திருச்சு. மரத்தைத் தூக்கிப் போட்டுட்டு கார்பன் வாங்கிரலாமா?

தூக்கிப் போடாதீர்கள் அக்கா. நல்ல மரக் கருவியைச் சரிசெய்ய முடியும். பிரிட்ஜ் என்பது முகப்பலகைமேல் ஒட்டி, கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை.

மரக் கருவிக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இதம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்று அந்த அளவுக்கு இறங்கும் நாட்கள் குறைவு. உங்கள் பக்கம் ரப்பர்க் காட்டுக்குள் சொல்லவே வேண்டாம். முகப்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், உப்பினால் பிரிட்ஜ் சாயும், கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகளில் இருந்து கம்பி உயரும். நான்கு கம்பியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பசை இளகினால் பின்விளிம்புதான் முதலில் திறக்கும்.

சாதாரணத் தாளை எடுத்து பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்ல நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பயமில்லை. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். மேலாகப் பசையைப் பிழிந்துவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பவும் வரும். ஒட்டிய பிறகு பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.

வெளியே எடுத்துப் போக, மழையில் ஜெபக்கூட்டத்துக்கு வாசிக்க என்றால் காம்போசிட் ஒன்று கூட இருக்கட்டும். ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய ரெயின்சாங் கம்பெனி கார்பன் கிட்டாரை எடுத்ததும் மரத்துக்கு ஈரமும் வெயிலும் ஒத்துக்கொள்ளாததால்தான்.

குளச்சல்: நான் ஃபைபர் வள்ளம் கட்டுற பட்டறையில வேலை பாக்கேன். அச்சு, மேட், ரெசின் எல்லாம் கைப்பழக்கம். டெனார் ஒண்ணு நானே செய்ய முடியுமா? கீறல் விட்டதை ஒட்டவும் செய்யலாமா?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செய்ய முடியும். உங்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் இங்கே கிட்டார் செய்பவர்களுக்கே இல்லை.

ஆனால் முழுவதையும் மேட்டில் செய்யாதீர்கள். முகப்பலகைதான் பேசும் பாகம். மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த பலகை, கம்பியின் இழுவையைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாக வேண்டும் என்றால் தடிக்க வேண்டும். தடித்தால் கனக்கும். விரலால் மீட்டும் நைலான் கம்பிக்கு அந்தக் கனத்தை அசைக்கும் வலு இல்லை. சத்தம் உள்ளுக்குள்ளேயே செத்துப் போகும்.

முதுகை ஃபைபரிலும் முகப்பை மரத்திலும் செய்யுங்கள். 1966இல் ஹெலிகாப்டர் கம்பெனி நடத்திய சார்ல்ஸ் கமான் 'ஓவேஷன்' கிட்டாரை இப்படித்தான் கொண்டுவந்தார். உருண்ட கண்ணாடி இழை முதுகு, மேலே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகை. 1999இல் வந்த 'ஃப்ளூக்' யுகுலேலேயும் வார்த்த முதுகும் மர முகப்பும்தான்.

மரத்தில் முதுகின் உருவத்தைக் கடைந்து, மெழுகு போட்டு, அச்சு எடுங்கள். 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும், ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். வள்ளத்துக்குப் போடுவதுபோல் வெளிப்பூச்சான ஜெல்கோட் கனமாக வேண்டாம். உருளையால் காற்றுக்குமிழியை நெரித்து எடுப்பதில் மட்டும் வள்ளத்தைவிடப் பொறுமை வேண்டும். உள்விளிம்பில் மெல்லிய மரச்சட்டத்தை எபாக்ஸியால் ஒட்டி, அதன்மேல் 2 மி.மீ. ஸ்ப்ரூஸ் முகப்பை ஒட்டுங்கள். கழுத்தும் கழுத்து பொருந்தும் கட்டையும் மரம்.

டெனாரின் கம்பி நீளம் 17 அங்குலம், அதாவது 432 மி.மீ. ஃப்ரெட் கணக்கு எளிது. முதலில் நட்டில் (கழுத்தின் முனையில் கம்பியைத் தாங்கும் பட்டை) இருந்தும், பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டில் இருந்தும் மிச்சமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம். முதல் ஃப்ரெட் 24.2 மி.மீ. தூரத்தில் வரும், 12ஆவது சரிபாதியில், 216இல். பிரிட்ஜின்மேல் கம்பியைத் தாங்கும் சாடிலை 432இல் வைக்காமல் ஒன்றிரண்டு மி.மீ. பின்னால் தள்ளி வையுங்கள். கம்பியை அழுத்தும்போது சுருதி ஏறுவதை அது ஈடுகட்டும்.

ஒட்டுவதைப் பற்றி. உங்கள் பட்டறை ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பாலிகார்பனேட்டைத் தின்னும், வெடிப்பு இன்னும் பரவும். அந்த வகைக் கருவியைப் பட்டறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். துணி விரித்த கார்பன் என்றாலும் எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் நன்றாகப் பிடிக்காது. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸியே போட வேண்டும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும், கிரைண்டர் மோட்டாருக்குள் புகுந்தால் அதுவும் ஆபத்து. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் வைத்து முயலும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முதுகை அச்சில் இருந்து எடுத்ததும் சொல்லுங்கள், முகப்புக்குள் ஒட்டும் விட்டங்களை நாம் சேர்ந்து செதுக்கலாம்.

தேங்காப்பட்டணம்: கார்பன்னா சுருதி மாறாதுன்னாங்க. வாங்கி ஒரு வாரமா டெய்லி இறங்குதே?

உடல் மாறாது, கம்பி மாறும். புதுக் கம்பி நீண்டு முடியச் சில நாட்கள் ஆகும். நைலான் என்றால் ஈரத்தையும் குடிக்கும். ஃப்ளூரோகார்பன் கம்பிக்கு மாறுங்கள். அது ஈரம் குடிக்காது. தூண்டிலில் முன்கம்பியாகக் கட்டும் ஃப்ளூரோகார்பன் நரம்பும் இதே பொருள்தான், அதையே வெட்டி மாட்டுபவர்களும் உண்டு. ஏ கம்பிக்கு 0.52 முதல் 0.57 மி.மீ., சி கம்பிக்கு 0.9 மி.மீ. கிட்ட. சாதாரணத் தங்கூஸ் நைலான், இது வேறு. எக்காரணம் கொண்டும் கிட்டாரின் ஸ்டீல் கம்பியை மாட்டாதீர்கள்.

மார்த்தாண்டம்: கீர்த்தனை வாசிக்க டெனார் சரியா? லோ ஜி போடணுமா?

போடுங்கள். கீர்த்தனைக்கு டெனார்தான் என் முதல் தேர்வு, அதுவும் லோ ஜியோடு. வழக்கமான ஹை ஜியில் ஜி கம்பி மேல் ஸ்தாயியில் இருக்கும், அதனால் மெட்டு சி-க்குக் கீழே இறங்க வழியில்லை. அதே கம்பியை ஒரு ஸ்தாயி கீழே வைக்கும் லோ ஜியில் மந்தர பஞ்சமம் வரை இறங்கலாம்.

ஒரு கட்டைச் சுருதியில், சி-யை ஸட்ஜமாக வைத்தால், திறந்த கம்பிகள் நான்கும் என்ன என்று பாருங்கள். ஜி பஞ்சமம், சி ஸட்ஜம், இ அந்தர காந்தாரம், ஏ சதுஸ்ருதி தைவதம். ப, ச, க, த. நான்கும் மோகனத்தின் ஸ்வரங்கள். மீதி இருப்பது ரிஷபம் மட்டும், அது சி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட். ஒரு விரலை வைத்துக்கொண்டு மோகனம் முழுவதையும் வாசித்துவிடலாம். பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். கார்பனில் திறந்த கம்பி நீண்டு ஒலிப்பதால் ஸட்ஜமும் பஞ்சமமும் தம்புரா போலப் பின்னால் நின்றுகொண்டிருக்கும். கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுங்கள். ஃப்ளூரோகார்பன் இரண்டு ஸ்வரம் அளவுக்கு இழுபடாது, அரை ஸ்வரம் அசையும். மற்றதைச் சறுக்கி எடுக்க வேண்டும்.

சின்னமுட்டம்: வீடு கடலுக்கு எதிர்ல. துருப்பிடிக்குமா?

உடல் பிடிக்காது. கம்பியை முறுக்கும் டியூனர் கீயின் பல்சக்கரமும் திருகும் பிடிக்கும். உப்பு படிந்தால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உலர்ந்த துணியால் துடைத்தால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணி. வாங்கும்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டா, கீ மூடிய வகையா என்று கேளுங்கள். இன்னொன்று, கொசுக் களிம்பு தடவிய கையோடு பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஆகிய பிளாஸ்டிக் கருவிகளைத் தொடாதீர்கள். களிம்பில் இருக்கும் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து பிளாஸ்டிக்கை இளக்கிக் கைரேகையைப் பதித்துவிடும்.

தக்கலை, இப்போது துபாய்: லீவுக்கு வரும்போது வாங்கிட்டு வாறேன். கையோட ஃபிளைட்ல கொண்டு வரலாமா? கார்ல வெச்சா உருகுமா?

டெனார் மொத்த நீளம் 66 செ.மீ. பக்கம். பல விமானங்களில் கைப்பை அளவு 55 செ.மீ.தான். டிக்கெட் எடுக்கும்போதே இசைக்கருவி என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். பில்லைக் கையில் வைத்திருங்கள், திருவனந்தபுரத்தில் கஸ்டம்ஸ் கேட்டால் வேண்டும்.

கார் விஷயம். ஏபிஎஸ் இளகுவது 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, பாலிகார்பனேட் 147இல். காருக்குள் அவ்வளவு ஏறாது. ஆனால் பிரிட்ஜை ஒட்டிய பசையும் சில எபாக்ஸிகளும் அதற்கு வெகு முன்பே தளரும். துபாய் வெயிலிலும் சரி, நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் சரி, மூடிய காரில் விடாதீர்கள்.

ஆரல்வாய்மொழி: மகனுக்கு எட்டு வயசு. டெனார் வாங்கலாமா?

டெனாரைவிடச் சின்ன அளவான கான்செர்ட் வாங்குங்கள், 15 அங்குலக் கம்பி நீளம். விரல் எட்டும். வார்த்த பாலிகார்பனேட் போதும், கீழே போட்டாலும் தாங்கும். வாங்கும்போது 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். இரண்டரை மி.மீ. இருந்தால் பிள்ளைக்கு விரல் வலிக்காது, மூன்றைத் தாண்டினால் சாடிலின் அடியைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கடையில் செய்ய மாட்டேன் என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள்.