டர்பனில் கூரைச் சூரியத் தகடுகளை மட்டும் நம்பி மின்காரை வீட்டிலேயே மின்னேற்ற முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில், 5 கிலோவாட் தகடுகள் உள்ள வீட்டில் இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் பகலில் கார் வீட்டில் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி.

நடுத்தர மின்கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 யூனிட் செலவழிக்கும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால், மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, 7 யூனிட் தேவைப்படும். சாதாரணச் சுவர் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தாலே மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். காருக்கென்றே சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் மின்னேற்றப் பெட்டி 7 கிலோவாட்டுக்கு மேல் இழுப்பதால், தகடுகள் தருவதைத் தாண்டிய மிச்சம் நகராட்சி மின்சாரத்திலிருந்தே வரும். மின்வெட்டு நேரத்திலோ 5 கிலோவாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். எங்கள் வீட்டில் கீசரும் காரும் ஒருசேர ஓடிய ஒரு காலையில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அன்றுமுதல் கீசருக்கு விடியற்காலை, காருக்கு நண்பகல்.

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், தகடுகள் வடக்கு நோக்கியே இருக்க வேண்டும். தமிழ்நாட்டு உறவினர் தெற்கு என்பார், அது அவர்கள் ஊருக்குச் சரி.

பகலெல்லாம் கார் அலுவலகத்தில் நிற்குமானால், தகட்டு மின்சாரத்தை வீட்டு பேட்டரியில் சேர்த்து இரவில் காருக்கு மாற்றுவது இருமுறை இழப்பு. வார இறுதியில் மொத்தமாக ஏற்றுவதே என் தேர்வு. தகடுகளை நகராட்சி மின்கம்பியுடன் இணைப்பதற்கு முன் நகராட்சியிடம் பதிவு செய்துவிடுங்கள்.