நோ காஸ்ட் இஎம்ஐயில் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். பிள்ளைகள் படிப்புக்கும் எங்கள் ஹோம்ஸ்டே கணக்கு வழக்குக்கும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தேவை. சேலத்தில் ஒரு கடையில் பிராண்டட் டெஸ்க்டாப் 60,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐயில், அதாவது வட்டியில்லாத் தவணையில், மாதம் 5,000 வீதம் 12 மாதம் கட்டலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் அசெம்பிள் செய்து 42,000-க்குத் தருவதாகச் சொல்லி, 'ஐ5, 16 ஜிபி ரேம், 1 டிபி' என்று கொட்டேஷன் கொடுத்தார்கள். சேமிப்பு 90,000. மாதச் செலவு 20,000. எது சரி?

பதில்: ரொக்கம் கொடுத்து அசெம்பிள் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தக் கொட்டேஷனை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் இஎம்ஐ. வங்கி வட்டி 15% என்றால் உங்கள் 12 தவணைக்குள் சுமார் 4,600 ரூபாய் வட்டி இருக்கிறது. அதைத்தான் தள்ளுபடி என்று விலையில் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. அதே தள்ளுபடியை ரொக்க விலையில் கேளுங்கள், பல கடைகளில் ஓரளவாவது இறங்கி வருவார்கள்.

இனி கொட்டேஷன். பிராசஸரை (கம்ப்யூட்டரின் மூளை) வெறும் 'ஐ5' என்று எழுதினால் எதுவும் தெரியாது. எந்தத் தலைமுறை? எல்லாப் பாகங்களும் மாட்டும் மதர்போர்டு என்ன மாடல்? எச்61 என்று இருந்தால் அது இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கானது. எங்கோ கழற்றிய பழைய பிராசஸர்தான் அதில் வரும். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. '1 டிபி' என்பது ஹார்டு டிஸ்க்காக இருந்தால், கணக்குக்கும் படிப்புக்கும் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியே (சிப்பில் சேமிக்கும் வேகமான டிரைவ்) மேல்; வேகம் கண்ணுக்குத் தெரியும். எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் பெயர் தெரியாததாக வேண்டாம், அது கெட்டால் போர்டையும் சேர்த்துக் கெடுக்கும். ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வாரண்டி கேட்டு மலை இறங்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. மானிட்டர் சேர்த்தா இல்லையா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இப்படித் திருத்தினால் விலை ஏறும். எல்லாம் சேர்த்து 55,000-ஐத் தாண்ட விடாதீர்கள்; மிச்சம் 35,000 அவசரத்துக்கு இருக்க வேண்டும். தாண்டுகிறதா? இரண்டு ஸ்லாட் உள்ள போர்டில் இப்போதைக்கு 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக் போடுங்கள், அடுத்த ஆண்டு இன்னொன்று சேர்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் தரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

அந்த 55,000-க்குள் 600 விஏ யுபிஎஸ்ஸும் எர்த்திங் சோதனையும் அடங்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எலெக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்த பிறகே கம்ப்யூட்டரை மாட்டுங்கள். இடி மின்னலின்போது பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும், யுபிஎஸ் அதைத் தடுக்காது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். திறந்து வைத்து, தினமும் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் கேபினெட்டைப் படுக்க வைத்து எடுத்து வாருங்கள், போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி. வீட்டுக்கு வந்ததும் திரையில் எதுவும் வரவில்லையென்றால் பதற வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்து, ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் போடுங்கள்.