மார்மன் என்று சொன்னது தப்பா?

தம்பி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து லீஹைக்குக் குடிவந்த இரண்டே மாதத்தில் இப்படி ஒரு சங்கடம் வந்துவிட்டதே என்று எழுதியிருந்தீர்கள். ரொட்டி சுட்டுக் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவிடம் "நீங்கள் மார்மன்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே "நான் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவள்" என்று திருத்தியிருக்கிறார். அந்தக் கிறிஸ்தவச் சபையினரைத்தான் ஊரார் மார்மன் என்பார்கள். மனம் புண்பட்டிருக்குமோ என்று கேட்கிறீர்கள். அப்படி இருக்காது. அந்தத் திருத்தம் அவர்களுக்கே புதிது.

நான் யூட்டாவுக்கு வந்தது 2011இல். அப்போது "நான் ஒரு மார்மன்" என்று சபையே விளம்பரம் செய்துகொண்டிருந்தது. சாதாரண உறுப்பினர்கள் தங்கள் படத்தையும் கதையையும் சபையின் இணையதளத்தில் ஏற்றினார்கள். என் அலுவலக நண்பர் ஒருவரும் ஏற்றிவிட்டு, பெருமையோடு எனக்குக் காட்டினார்.

2018 ஆகஸ்டில் சபைத் தலைவர் ரஸல் நெல்சன், இனி 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே சொல்ல வேண்டும் என்றார். மார்மனும் வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எல்.டி.எஸ்.ஸும் வேண்டாம். மார்மன் என்பது அவர்களுடைய வேதநூலான மார்மன் நூலில் வரும் தீர்க்கதரிசியின் பெயர். அதை வைத்து வெளியார் சூட்டிய பட்டப்பெயர் அது. முழுப்பெயரோ 1838இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு இறைவெளிப்பாடாக வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. பட்டப்பெயரில் இயேசுவின் பெயர் விடுபட்டுப்போகிறது. அது சாத்தானுக்குக் கிடைக்கும் பெரிய வெற்றி என்று அக்டோபர் மாநாட்டில் நெல்சன் பேசினார். சபையின் உலகப் புகழ்பெற்ற மார்மன் டேபர்னக்கிள் பாடகர் குழுகூட அந்த மாதமே பெயரை மாற்றிக்கொண்டது.

அந்தச் சாத்தான் என்ற சொல்தான் என் நண்பரைச் சுட்டது. "அப்படியானால் நான் இத்தனை நாள் யாருக்கு விளம்பரம் செய்தேன்?" என்று கேட்டார். 1990இல் ஹிங்க்லி என்ற மூத்த தலைவர், இந்தப் பட்டப்பெயரை உதற முடியாது, அதற்கு நல்ல அர்த்தம் தேடித் தருவோம் என்று பேசியதை அவர் மறக்கவில்லை. ஆனாலும் சொல்வதை மாற்றிக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் முன்னோர்கள் கைவண்டி இழுத்துக்கொண்டு நடந்தே இங்கே வந்தவர்கள். வசைச்சொல்லாக வந்த மார்மனைத் தம் சபையினர் பெருமையாக்கினார்கள் என்பார். ஆனால் சபைத் தலைவர்தான் அவர்களுக்குத் தீர்க்கதரிசி, அவர் சொன்னபின் மறுபேச்சு இல்லை. இப்போதும் "மார்..." என்று வாய் தவறி, நிறுத்தித் திருத்திக்கொள்வார். அவர் பேரனுக்கோ ஒரே சந்தோஷம். மிஷனரியாகப் போன ஊரில் "நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லையாமே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்தவன் அவன்.

எனக்கு அதிகம் வலித்தது சபையை விட்டு வெளியேறிய ஒரு தோழியின் பேச்சு. "சபையை விட்டேன், மார்மனாக இருப்பதை விடவில்லை. என் அம்மாவின் சமையலும் என் குடும்பக் கதையும் அந்தச் சொல்லில்தான் இருக்கின்றன" என்றார். அவரிடம் போய் நான் அந்தச் சொல்லைத் திருத்த மாட்டேன். பாட்டியிடம் அதைச் சொல்லவும் மாட்டேன். அவரவர் தம்மை என்ன சொல்கிறார்களோ, அதையே நாமும் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பேச்சில் முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டாம். 'சபை உறுப்பினர்' போதும். மார்மன் நூல் என்ற பெயர் மாறவில்லை, அதைத் தாராளமாகச் சொல்லலாம். உங்கள் ஊரின் பெயரே அந்த நூலில் வரும் தீர்க்கதரிசி லீஹையின் பெயர்தான். பக்கத்து வீட்டம்மாவிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். அப்புறம், ரொட்டி வந்த தட்டை வெறுமனே திருப்பித் தராதீர்கள், வடை சுட்டுக் கொடுங்கள். வீட்டுக்கு அழைத்தால் மட்டும் காபி, டீ நீட்ட வேண்டாம். அவர்கள் குடிக்க மாட்டார்கள். மோர் கொடுங்கள்.