குளிர்காலக் காலையில் பிக்கப் வண்டியில் கியர் விழவில்லை: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டெல்லியில் சொந்தமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். டிசம்பரிலிருந்து காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது, அழுத்திப் போட்டால் கரகரக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிய பிறகு சரியாகிவிடுகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது.

ஆசாத்பூர் மண்டியில் காய்கறி, தேங்காய் ஏற்றி முனிர்க்கா, ஆர்.கே. புரம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். பகலில் சரக்கு வண்டியை விடாத சாலைகள் இங்கே நிறைய, அதனால் எல்லாம் விடியுமுன் முடிய வேண்டும். ஜனவரியில் அந்த நேரத்துக்கு நான்கைந்து டிகிரிதான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன், போகிக்கு முதல் நாள், கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் ஏற்றிக்கொண்டு மண்டியை விட்டு வெளியே வந்தேன். இரண்டாவது கியர் விழவே இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினால் 'கரக்' என்று சத்தம், அந்த அதிர்வு உள்ளங்கை வரை வந்தது. காட்டிய முதல் ஒர்க்ஷாப்பில், "உள்ளே ரிங் போச்சு, இறக்கிடலாம்" என்றார்கள்.

காப்பாற்றியது எங்கள் தெருவில் இருக்கும் சேலத்து அண்ணன். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். "தம்பி, முதல்ல இஞ்சினை அணைச்சிட்டுக் கியரைப் போட்டுப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

நீங்களும் செய்து பாருங்கள். நாளை காலை வண்டி ஜில்லென்று இருக்கும்போது, சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினைத் தொடாமல் கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடுங்கள். ஏதாவது ஒன்று பல்லோடு பல் முட்டி நின்றால் வண்டியை ஓர் அடி உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் டப்பாவில் கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம், லைனில் காற்று இருக்கலாம். பெடலை இரண்டு முறை வேகமாக மிதித்த பின் கியர் விழுந்தால் பெரும்பாலும் காற்றுதான், முதலில் ஏர் எடுத்துப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளின் இழுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் வண்டியில் இஞ்சின் அணைந்திருந்தும் லிவர் களிமண்ணில் கரண்டி போட்டுக் கிண்டுவது போல் இருந்தது. அண்ணன் பழைய பில்லைக் கேட்டார். ஜூனில் வேறொரு இடத்தில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருந்தேன். பில்லில் 85டபிள்யூ-140 என்று இருந்தது. அது பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில். கோடையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினோம். வெல்லப்பாகு பதம் வந்ததும் கரண்டியிலிருந்து இறங்குமே, அப்படிக் கம்பி கம்பியாக இறங்கியது.

கியர் மாறும்போது ஒரு பித்தளை ரிங் கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. உரச வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை அது அறுக்க வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் ரிங் வழுக்குகிறது, வேகம் ஒன்றாகவில்லை, பல் முட்டுகிறது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வேக வித்தியாசம் அதிகம், அதனால் அடி முதலில் இரண்டாவதுக்குத்தான். ஓடி ஆயில் இளகியதும் எல்லாம் சரியாகிவிடும். உங்களுக்கும் சூடானதும் சரியாவதால் ஆயில் மேல்தான் எனக்குச் சந்தேகம். கிளட்ச் சரியாக இருந்தும், நன்றாகச் சூடான பிறகும் கரகரத்தால்தான் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்போது இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஆயில் என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்து, அதையே ஊற்றுங்கள். 75டபிள்யூ-90 என்றால் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. ஆயிலின் தர வகை கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 'இன்னும் நல்லது' என்று கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் இருக்கும் கந்தகக் கலவை சில பித்தளை ரிங்குகளை அரிக்கும்.

மாற்றும்போது ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிப் போயிருந்து, அதற்குள் ஆயிலை இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. வடித்த ஆயிலில் பித்தளைத் துணுக்கோ, காந்தத்தில் இரும்புச் சில்லோ இருந்தால் பேச்சு வேறு. ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நியூட்ரலில் வைத்துக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மிதித்தே வைத்திருந்தால் கியர்பாக்ஸுக்குள் எதுவும் சுற்றாது, ஆயிலும் அசையாது. ஒன்றிரண்டு நிமிஷம் போதும். கால் மணி நேரம் நிறுத்தி உறும விடாதீர்கள், இந்த ஊர்க் காற்று ஏற்கெனவே போதுமான அளவு கெட்டிருக்கிறது, பக்கத்து வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள். முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இஞ்சினை முறுக்காமல், நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி அடுத்த கியருக்குப் போங்கள்.

உங்கள் கடைசி பில்லில் என்ன ஆயில் என்று பாருங்கள். அதையும், இஞ்சினை அணைத்துப் போட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.