லாச்சியில் எட்டு, திரையில் ஒன்பது

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் நர்ஸாக இருந்துவிட்டு ஐந்து வருடமாகத் தோஹாவில் வேலை செய்கிறேன். இப்போது லீவில் வந்திருக்கிறேன். வருவதற்கு முந்தின கிழமை நைட் டியூட்டியில் மருந்தைப் பூட்டி வைத்துக் கணக்கும் வைக்கிற மெஷினில் பெண்டனைல் என்ற கடும் வலிமருந்தை எடுக்கப் போனேன். லாச்சி திறந்ததும் எத்தனை அம்பியூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி) இருக்கிறது என்று கேட்டது. எண்ணி, எட்டு என்று அடித்தேன். கணக்கில் ஒன்பது, டிஸ்கிரெபன்சி, அதாவது கணக்கு ஒத்துவரவில்லை என்று திரையில் வந்துவிட்டது. விடியும் வரைக்கும் எல்லோரும் என்னைத்தான் கேள்வி கேட்டார்கள். பகல் ஷிப்டில் ஒருவர் அவசரத்தில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரையில் கான்சல் அழுத்தியிருந்தது காலையில்தான் தெரிந்தது. "இனிமேல் மெஷின் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து அதையே அடி, வில்லங்கம் வராது" என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். கொழும்பில் புத்தகத்தில் எழுதிய காலத்தில் இந்தத் தலையிடி இருக்கவில்லையே அக்கா?

சு., வெள்ளவத்தை

அன்பின் தங்கச்சிக்கு,

ரிப்போர்ட்டைப் பார்த்து அடிக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

எட்டை எண்ணிவிட்டு ஒன்பது என்று அடித்தால் அந்த இரவு சத்தமில்லாமல் போகும், உண்மைதான். அடுத்த நாள் இன்னொரு பிள்ளை திறந்து எண்ணுவாள், ஒன்று குறையும். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது கடைசியாகக் கணக்குச் சரியாக இருந்த இடத்தை. அங்கே உங்கள் பெயர் இருக்கும், நேரத்தோடு. கான்சல் அழுத்தியவர் அந்தத் தேடலுக்குள்ளேயே வரமாட்டார். அவருடைய பிழையை நீங்களே உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டதாக ஆகிவிடும்.

புத்தகக் காலத்தில் தலையிடி இல்லை என்கிறீர்கள். இருந்தது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் உங்களுக்குத் தெரியும். வாட்டில் இரட்டைப் பூட்டுப் போட்ட அலுமாரி, சிஸ்டரிடம் திறப்பு, டியூட்டி மாறும்போது இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தில் பெதிடின் என்ற வலிமருந்தின் பக்கத்தைத் திறந்தால் முந்தின ஆள் எழுதிய 12 கண்ணுக்கு முன்னால் நிற்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கட்டில்கள் நிறைந்திருக்கின்றன, பெட்டியும் நிறைந்த மாதிரித்தான் தெரிகிறது. 12 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

நான் வேலை செய்த வாட்டில் ஒரு காலையில் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி அம்பியூல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து எண்ணினாள். 11. திரும்பவும் எண்ணினாள், 11. ஏச்செல்லாம் அவளுக்குத்தான் விழுந்தது. பாத்திரம் கழுவுகிற அறையில் நின்று அழுதாள். அதற்கு முந்தின மூன்று கையெழுத்துக்கும் பக்கத்தில் 12 என்றுதான் இருந்தது. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. நான் எண்ணவில்லை. அவள் அழும்போது அதை நான் சொல்லவும் இல்லை. அந்த அம்பியூல் எப்போது போனது என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை, தெரிய வழியும் இருக்கவில்லை.

மெஷின் எண்ணைக் காட்டாமல் உங்களிடம் கேட்பது இதற்காகத்தான். பிளைண்ட் கவுண்ட் என்கிற இந்த முறை உங்களைப் பிடிப்பதற்கு வைத்த பொறி என்று நினைக்காதீர்கள். நான் அன்றைக்குச் செய்ததை உங்களைச் செய்யவிடாமல் வைத்திருக்கிறார்கள். பிக்சிஸோ ஒம்னிசெல்லோ, எந்தப் பெயர் மெஷினாக இருந்தாலும் அதற்கு அம்பியூல் தெரியாது. யார் எதை அழுத்தினார்கள் என்பதுதான் தெரியும். ஒன்று என்று அழுத்திவிட்டு இரண்டை எடுத்தாலும், பார்மசியில் நிரப்பும்போது ஐந்தைப் பத்து என்று பதிந்தாலும், திருப்பி வைத்தது பக்கத்துக் கட்டத்தில் விழுந்தாலும் அது நம்பிக்கொண்டுதான் இருக்கும். கையால் எண்ணுகிற ஆள் வரும்வரைக்கும் பிழை அங்கேயே கிடக்கும்.

ஆகவே குறைகிறது என்று கண்டால் லாச்சியை மூடமுன் இன்னொருவரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். லாச்சியின் பின் இடுக்கையும் பாருங்கள், அம்பியூல் அங்கே உருண்டு போயிருக்கும். அப்புறம் கடைசிச் சரியான எண்ணிக்கையிலிருந்து ஒவ்வொரு பதிவாக, யாருக்கு மருந்து எழுதியிருந்தது, சார்ட்டில் கொடுத்ததாக இருக்கிறதா என்று. ஷிப்ட் முடிய முன்னமே செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பிய ஆளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டர் ஆஸ்பத்திரியில் 2012இல் வெளியே வந்த விஷயம் இது. இருதய சிகிச்சைப் பகுதியில் வேலை செய்த ஒரு டெக்னீஷியன் பெண்டனைல் சிரிஞ்சுகளைத் திருடித் தனக்கு ஏற்றிக்கொண்டு, அதே சிரிஞ்சில் சேலைன் நிரப்பித் திருப்பி வைத்திருக்கிறான். அவனுக்கு இரத்தத்தால் தொற்றுகிற ஈரல் நோயான ஹெபடைடிஸ் சி இருந்தது. அவன் வேலை செய்த ஆஸ்பத்திரிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியது. 2013இல் 39 வருடச் சிறை. சிரிஞ்சை எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கும். வலி நிற்கவேண்டிய நோயாளிக்கு ஏறியது உப்புத்தண்ணீர். எண்ணுகிற வேலையை நான் இவ்வளவு பெரிதாகக் கதைப்பது மருந்துப் பெட்டிக்காக இல்லை, கட்டிலில் கிடக்கிறவருக்காக. மூடி உடைந்திருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று பார்ப்பதும் எண்ணுவதில் சேர்ந்ததுதான். 100 மைக்ரோகிராம் அம்பியூலில் 50 கொடுத்தால் மிச்சத்தைச் சாட்சிக்கு முன்னால் கொட்டுங்கள். கொட்டின பிறகு கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், எவ்வளவு பழகினவராக இருந்தாலும்.

ஹெட் நர்ஸ்மாரும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். எண்ணிச் சொன்ன பிள்ளையிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எப்போது சரியாக இருந்தது?" என்று கேளுங்கள். முதல் கேள்வியைக் கேட்கிற வாட்டில் அடுத்த தடவை ஒன்பது என்றுதான் அடிபடும்.

திரும்பிப் போனதும் அந்த கான்சல் விஷயத்தை எழுத்தில் கொடுங்கள் தங்கச்சி. அழுத்தினவரை மாட்டிவிட இல்லை. லாச்சி திறந்த பிறகு கான்சல் அழுத்தினால் அம்பியூல் உள்ளே இருக்கிறதா என்று அந்த மெஷின் கேட்கிறதா இல்லையா என்பதை பார்மசியில் பார்க்கச் சொல்லுங்கள்.