வாசகர் கேள்விகள்: தாய்லாந்தின் நெல்லும் இறாலும்

சென்ற இதழில் தாய்லாந்தின் அரிசி, இறால் ஏற்றுமதியைப் பற்றி எழுதியபோது, அந்நாட்டு ஆய்வகங்கள் நெல்லிலும் பண்ணை இறாலிலும் கண்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றம் இல்லாமலே வந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்துள்ள கடிதங்களில் பல அந்த வரியைப் பற்றியே கேட்கின்றன.

கேள்வி (மன்னார்குடியிலிருந்து ஒரு நெல் விவசாயி): கடைகளில் விற்கும் தாய்லாந்து மல்லிகை அரிசியின் மணம் மரபணு மாற்றத்தால் வந்ததா?

இல்லை. அந்த நெல்லின் முழுப் பெயர் காவ் தோக் மலி 105. மல்லிகைப் பூவைப்போல் வெண்மையானது என்பதே பெயரின் பொருள். மணமோ ஈழத்துச் சமையலில் சேர்க்கும் ரம்பை இலையின் மணத்துக்கு நெருக்கமானது. சாச்செங்சாவ் மாகாணத்து வயல்களில் திரட்டிய கதிர்களில் 105 என்று எண்ணிட்ட கதிரின் வழிவந்த இந்த ரகம் 1959-இல் வெளியிடப்பட்டது. அதன் மணத்துக்கான காரணம் 2005-ஆம் ஆண்டு வாக்கில்தான் தெளிவாயிற்று. நெல்லின் 8-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எட்டு டி.என்.ஏ. எழுத்துகள் தாமாகவே விடுபட்டுப் போயிருப்பதால், அந்த மரபணு உருவாக்க வேண்டிய நொதி செயலற்றுப் போகிறது. அதன் விளைவாக மணம் தரும் வேதிப்பொருள் மணியில் சேர்கிறது. பாஸ்மதிக்கு மணம் தருவதும் இதே விடுபாடுதான். இயற்கையில் நேர்ந்த இந்தப் பிழையை உழவர்கள் மூக்கால் அறிந்து, விதையாக எடுத்து வைத்துக் காத்து வந்தார்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): அப்படியானால் இதில் உயிரித் தொழில்நுட்பம் எங்கே வருகிறது?

தேர்ந்தெடுக்கும் இடத்தில் வருகிறது. மல்லிகை நெல் பெரிதும் விளைவது தாய்லாந்தின் வடகிழக்கில், மழையை நம்பிய மணற்பாங்கான நிலத்தில். பகல் குறுகும் அக்டோபர் மாதத்தை ஒட்டித்தான் அது பூக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். அந்த ஒரு பயிரும் வெள்ளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அழுகிப்போகும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகமோ ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியில் தாங்கும். சாதாரண நெல் மூழ்கியதும் நீருக்கு மேலே தலைநீட்ட முயன்று, இருப்பிலுள்ள மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துச் சாகிறது. எஃப்.ஆர்.13ஏ-இல் இருப்பதுபோல் சப்-1 என்ற மரபணுப் பகுதியை உடைய நெல் வளராமல் அடங்கியிருந்து, நீர் வடிந்ததும் துளிர்க்கிறது.

இந்தக் குணத்தை மல்லிகை நெல்லுக்குக் கொண்டுவர இரண்டையும் ஒட்டுச் சேர்க்கலாம். ஆனால் சந்ததியில் எஃப்.ஆர்.13ஏ-இன் வேண்டாத குணங்களும் கலந்து வருவதால், மணமுள்ள மல்லிகை நெல்லோடு மீண்டும் மீண்டும் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரக்கணக்கான செடிகளை மூழ்கடித்துப் பார்த்தும், அரிசியை முகர்ந்து பார்த்தும் கழிக்க வேண்டியிருக்கும். வேண்டிய மரபணு இருப்பதைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம் தெரிந்துவிட்டால், நாற்றின் இலைத்துண்டு ஒன்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, சப்-1 இருக்கிறதா, மணத்துக்கான விடுபாடு இருக்கிறதா என்று நாற்றங்கால் பருவத்திலேயே சொல்லிவிட முடியும். நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தறிய நாடுகள் பங்கிட்டுக்கொண்ட உலகத் திட்டத்தில் தாய்லாந்து ஏற்றுக்கொண்டது 9-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை. சப்-1 இருப்பதும் அதே குரோமோசோமில்தான். வெள்ளம் தாங்கும் மணநெல்லாக அங்கே வந்த ஹோம் சொன்லசித் இந்த வழியில் உருவானது. உங்கள் பக்கத்து டெல்டாவில் பயிராகும் சி.ஆர்.1009 சப்-1 நெல்லும் இதே முறையில், இதே ஒடிசா ரகத்தின் குணத்தைப் பெற்றதுதான். ஆய்வகத்தில் மரபணுவைப் புகுத்தாமல், வழக்கமான கலப்பாலேயே நெல்லின் குணம் நெல்லுக்குப் போகிறது என்பதால் இதை எந்தச் சட்டமும் மரபணு மாற்றப் பயிராகக் கருதுவதில்லை. ஏற்றுமதியை நம்பி வாழும் நாட்டுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் காணலாம்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): தாய்லாந்து மரபணு மாற்றப் பப்பாளியைத் தடுத்துவிட்டு, மரபணு மாற்றச் சோயாவை இறக்குமதி செய்கிறதாமே?

உண்மைதான். வளையப்புள்ளி நச்சுநோயைத் தாங்கும் மரபணு மாற்றப் பப்பாளி ஹவாயில் 1998-இல் உழவர் கைக்கு வந்தது. அதே நோயால் வாடிய தாய்லாந்தும் கோன் கேன் நகரிலுள்ள அரசு ஆய்வுப் பண்ணையில் அத்தகைய பப்பாளியை வளர்த்துப் பார்த்தது. வெளி வயல் சோதனைகளை அமைச்சரவை 2001-இல் நிறுத்தியது. 2004-இல் அந்தப் பண்ணையிலிருந்து விதை உழவர்களின் தோட்டங்களுக்குப் போய்விட்டது என்று தெரியவந்தபோது, ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் தாய்லாந்துப் பழங்களையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். மரங்கள் வெட்டி அழிக்கப்பட்டன. மறுபுறம், கால்நடைத் தீவனத்துக்கான மரபணு மாற்றச் சோயா தடையின்றி இறங்குகிறது. அதைத் தின்று வளர்ந்த கோழி வெளிநாடு போகும்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அறிவியல் நோக்கில் இது முரண்பாடு; வணிக நோக்கில் முரண்பாடே இல்லை, ஏனெனில் இரு முடிவுகளையும் எடுப்பது வாங்குகிறவர். இதில் நட்டப்பட்டவர் நோய்க்கு மாற்று இல்லாமல் நின்ற சிறு பப்பாளி உழவர் என்பது என் கருத்து. வேற்று மரபணுவைப் புகுத்தாமல் மரபணுவைத் திருத்தும் முறையில் உருவாகும் உயிர்களுக்குத் தனிச் சான்றளிக்க 2024-இல் அந்நாட்டு வேளாண் அமைச்சகம் வழிவகுத்திருக்கிறது. அதன் பலனும் வாங்குகிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

கேள்வி (வேதாரண்யம் பகுதியிலிருந்து ஓர் இறால் பண்ணையாளர்): எஸ்.பி.எஃப். குஞ்சு என்று சொல்லி அதிக விலைக்குக் கொடுத்தார்கள். விட்ட முப்பதாம் நாளே குளத்தில் இறால் செத்து ஒதுங்கியது. இந்தத் தொழில்நுட்பம் ஏமாற்றுதானா?

உங்கள் குளத்தில் என்ன நேர்ந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று எழுத்துகளைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எஸ்.பி.எஃப். என்றால், பெயர் குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறாலிடமிருந்து பிறந்தது என்றுதான் பொருள். நோயை எதிர்த்து நிற்கும் என்று பொருளில்லை. கோழிக்கும் நமக்கும் உள்ளதுபோல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் அமைப்பு இறாலுக்குக் கிடையாது. ஆகவே வழக்கமான தடுப்பூசியும் அதற்கு இல்லை. நோய் வராமல் காப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், இந்தத் துறையில் உயிரித் தொழில்நுட்பத்தின் பெரும் உழைப்பு கண்டறிவதிலேயே போயிருக்கிறது.

தாய்லாந்து இதைக் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. கடலில் பிடித்த டைகர் இன அன்னை இறாலை நம்பியே அங்கே பண்ணைத்தொழில் வளர்ந்தது. 1990-ஐ ஒட்டி மஞ்சள் தலை நோயும், சில ஆண்டுகளில் வெள்ளைப்புள்ளி நோயும் அடுத்தடுத்து வந்தன. ஹவாயில் பல தலைமுறைகளாக மூடிய தொட்டிகளில் வளர்த்துத் தேர்ந்த வெனாமி என்ற இறால் இனத்துக்கு அந்நாட்டுப் பண்ணைகள் 2002 வாக்கில் மாறத் தொடங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். இந்தியாவில் 2009-இல் வெனாமிக்கு அனுமதி கிடைத்தபோது, குஞ்சு பொரிப்பதற்காக இறக்குமதியாகும் அன்னை இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்க ஏற்பாடு செய்ததும் இதே கவலையால்தான்.

பிறகு 2012-இல் குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் சாகடிக்கும் இளஞ்சாவு நோய் தாய்லாந்தைத் தாக்கியது; ஓர் ஆண்டில் ஆறு லட்சம் டன்னை ஒட்டியிருந்த உற்பத்தி அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. காரணம் இன்னதென்று தெரியாத நோயை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது, அதனால் எஸ்.பி.எஃப். குஞ்சும் செத்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு 2013-இல் காரணத்தைக் கண்டது. கடலில் எங்கும் உள்ள விப்ரியோ பாக்டீரியாவில் ஒரு வகை, இரண்டு நச்சு மரபணுக்களைத் தாங்கிய சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்றைப் பெற்று, இறாலின் கல்லீரல்-கணையத்தை அழித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கான மரபணுத் துணுக்குகளின் விவரத்தை, தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி ஃபிளெகலும் தைவானின் லோ சூ-ஃபாங்கும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள வெளியிட்டார்கள். காப்புரிமைக்குக் காத்திருந்தால் எத்தனை குளங்கள் காலியாகியிருக்கும் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

குஞ்சு வாங்கும்போது எஸ்.பி.எஃப். என்ற பெயரோடு நிற்காமல், எந்தெந்தக் கிருமிகளுக்குச் சோதித்தார்கள், எத்தனை குஞ்சுகளை எடுத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். 150 குஞ்சுகளில் ஒன்றிலும் கிருமி இல்லையென்றால், அந்தத் தொகுதியில் நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் தொற்று இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் அர்த்தம். லட்சம் குஞ்சுகள் விடும் குளத்தில் நூற்றுக்கு ஒன்று என்றாலே ஆயிரம் குஞ்சு. அதோடு, சுத்தமான குஞ்சும் நண்டு வழியாகவோ அடுத்த குளத்து நீர் வழியாகவோ நோயைப் பெறலாம்.

கேள்வி (மேட்டூரிலிருந்து ஒரு வாசகி): தாய்லாந்தில் ஜிலேபி கெண்டையில் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கிறார்களாமே, ஏன்?

பெண்ணும் சேர்ந்திருந்தால் குளத்திலேயே ஓயாமல் குஞ்சு பொரித்து, நெரிசலில் எல்லாம் சிறுத்துப்போகும். ஆண் மீன் வேகமாகவும் பருமனாகவும் வளரும். முட்டையிலிருந்து வந்த முதல் சில வாரங்களுக்குத் தீவனத்தில் ஹார்மோன் கலந்து கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக மாற்றுவதே அங்கே பரவலான முறை. ஹார்மோனை விரும்பாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: இரண்டு ஒய் குரோமோசோம்களை உடைய ஆண் மீனைத் தனியாக உருவாக்கி, அதைச் சாதாரணப் பெண் மீனோடு சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகள் ஏறத்தாழ எல்லாமே ஆண்கள். அந்நாட்டின் ஜிலேபி கெண்டைக்கு மூலம், ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ 1965-இல் தாய்லாந்து மன்னருக்கு அனுப்பிய ஐம்பது மீன்கள். அரண்மனைக் குளத்தில் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்ததால், அந்த அரண்மனையின் பெயரால் சித்ரலதா ரகம் என்றே அது இன்றும் அறியப்படுகிறது.