டாக்சிக்கு நின்ற பயிற்சியாளர்

அன்புள்ள அண்ணா,

2019இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றித்தானே ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது? பிறகு, புளோரிடா அணி சீசன் நடுவில் நீக்கிய பயிற்சியாளர் ஜெரார்ட் கலண்டுக்காக ஏன் இவ்வளவு வருத்தப்பட்டு எழுதுகிறீர்கள்? ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் வந்துகொண்டுதானே இருக்கும்? அப்புறம், நம் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ் எப்போது உருப்படும்?

க., பிராம்டன்

அன்புள்ள தம்பி,

லீஃப்ஸை விடுங்கள். நேற்றிரவும் கலண்ட் டாக்சிக்கு நிற்கும் அந்தப் புகைப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காலையில் உங்கள் கடிதம்.

புளூஸ் கணக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மைக் யோவை நீக்கி கிரேக் பெரூபியை அமர்த்தியது 2018 நவம்பரில். ஆறு வாரம் கழித்து, ஜனவரித் தொடக்கத்தில், அணி லீக்கிலேயே கடைசி. அதன்பிறகுதான் ஜோர்டன் பின்னிங்டன் கோல்கீப்பராக இறங்கினார். பெரூபியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோப்பை வந்ததற்கு ஆள் மாற்றம் மட்டுமே காரணம் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

கலண்ட் 2015-16இல் புளோரிடா பாந்தர்ஸை 103 புள்ளிகளோடு டிவிஷனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். அந்தக் கோடையிலேயே நிர்வாகம் தற்காப்பு வரிசையைக் கலைத்தது. குட்பிரான்சன் போனார், குலிகோவ் போனார், கேம்பலும் போனார். சீசனுக்கு முன்பே முன்வரிசை வீரர் ஹூபர்டோவுக்குக் காயம். அப்படியும் 22 ஆட்டங்களில் 11 வெற்றி. 2016 நவம்பர் 27, கரோலினாவில் தோற்ற இரவிலேயே அவரை நீக்கினார்கள். அரங்குக்கு வெளியே பெட்டிகளோடு டாக்சிக்கு நின்றார். அவர் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? பொது மேலாளர் டாம் ரோ. அணியை மாற்றியமைத்த அலுவலகமே பயிற்சியாளர் நிற்கும் பெஞ்சுக்கும் இறங்கி வந்தது. அந்த ஆண்டு கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே அணி போகவில்லை. 30 கோல் அடித்த மார்ஷசோவையும் அடுத்த கோடையில் புதிதாகத் தொடங்கிய வேகாஸ் அணிக்கு விட்டுவிட்டார்கள். அங்கே பயிற்சியாளர் கலண்ட். முதல் சீசனிலேயே இறுதிப்போட்டிக்குப் போனார்கள்.

சம்பளம் வருகிறதே என்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இவ்வளவு படித்த பிள்ளை இப்படியா எழுதுவது?

ஸ்கார்பரோவில் ஒரு கிடங்கில் நான் இரவு வேலை பார்த்த காலம். மேலிடம் ஆட்களைப் பாதியாகக் குறைத்தது. சரக்கு தாமதமானதும் எங்கள் மேற்பார்வையாளரை ஷிஃப்ட் நடுவிலேயே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர். இடைவேளையில் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். பனியில், பஸ் நிறுத்தத்தில், கையுறையோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் நின்றிருந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது கன்வேயர் பெல்ட் இன்னும் சிக்குகிறதா என்றுதான் கேட்டார்.